கடும் ஓட்டத்தில் காற்றிறங்கும் டயர்: காரணமும் பரிகாரமும்

விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், வித்தும் உரமும் வாங்கிவரவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லவும் கிராமத்தார் இக்காலத்தில் மோட்டார் வண்டியையே பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள். ஒரு சிற்றூரில் ஒருவரிடம் கார் இருக்குமாயின், அவசர வேளையில் அஃது ஊரார் அனைவருக்கும் பயன்படுகிறது. ஆகையால் உழவு மாட்டின் குளம்பைக் கவனிப்பது போலவே காரின் சக்கரத்தையும் கவனிப்பது குடியானவருக்கு அவசியமாகும்.

ஆணி தைத்து உடனே காற்றிறங்கும் டயரைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடைக்காரர் அதைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இப்பாடத்திற்கு விஷயமானது வேறு. கொட்டகையில் பத்து நாள் நின்றாலும் இறங்காமல், மலைப்பாதையில் வளைந்து ஏறி இறங்கும்போதோ, பாரத்துடன் வேகமாய் ஓடும்போதோ மட்டும் காற்றை இழக்கும் டயரே அது. இவ்வகைக் குற்றம் தொட்டி நீரில் அகப்படாது. அகப்படாத காரணத்தால் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

வாய்க்கால் கரையில் உள்ள நண்டு வளையை இதற்கு ஒப்பிடலாம். அரை வாய்க்கால் தண்ணீர் ஓடும்போது கரை கெட்டியாகவே தோன்றும். முழு மடையும் திறந்து தண்ணீர் கரை தட்டி வரும் நாளில்தான் வளை வாய் திறக்கும். கரை நன்றாயிருக்கிறதா என்பதை வறண்ட நாளில் பார்த்துச் சொல்லுகிறவன் ஏமாறுவான். டயரும் அப்படியே. எந்த நிலையில் காற்றை இழக்கிறதோ அந்த நிலையை உண்டாக்கியே அதைப் பரீட்சிக்க வேண்டும்.

அனுபவத்தில் கண்ட ஓர் உதாரணம்

நாமக்கல் ஜில்லாவில் கொல்லிமலை அடிவாரத்தைச் சேர்ந்த நிலக்காரர் ஒருவருக்கு மலைமேல் மிளகும் வாழையும் உண்டு. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் இருப்பதை அப்பக்கத்தார் நன்கு அறிவர். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் தம் காரில் அப்பாதையில் சென்று வருவது வழக்கம். மலைக்குப் போய்வந்த பிறகு முன்பக்கத்து இடச் சக்கரம் மட்டும் சற்றுத் தளர்ந்து காணப்படுவதாக அவர் என்னிடம் சொன்னார். “ஐயா, கடையில் கழற்றித் தொட்டியில் முக்கி மூன்று தரம் பார்த்தாயிற்று, ஒரு குமிழும் வரவில்லை. டயரை மாற்றிவிடுங்கள் என்கிறார்கள்” என்பது அவர் முறையீடு.

நான் அன்று அவர் தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு விஷயமாய் இருந்தேன். அவர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். காலையில் புறப்படுமுன் 32 ராத்தல் காற்று வைத்ததாகக் கூறினார். (கடைகளில் ‘32 பாயிண்டு’ என்பது சதுர அங்குலத்துக்கு 32 ராத்தல் அழுத்தமேயாகும்.) நான் கேஜ் வைத்துப் பார்த்தேன், 32 காட்டிற்று. “வைத்தது அப்படியே இருக்கிறது, குற்றம் ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது தவறு. என் வார்த்தையை நம்பிய அவர் மறுநாட்காலையில் டயரை அளந்து பாராமலே, வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு மீண்டும் மலைக்குப் புறப்பட்டார். இறங்கும் வழியில் ஒரு கொண்டையூசி வளைவில் அச்சக்கரம் முற்றிலும் காற்றிழந்து தரையோடு படிந்தது. வண்டி மெதுவாய் வந்தமையாலும், அவர் பத்தடிக்குள் நிறுத்திவிட்டமையாலும் ஒருவருக்கும் தீங்கில்லை. பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையே இரண்டு முழமே இருந்ததாம். இப்பாடத்தை எழுத நேர்ந்தது அந்த இரண்டு முழத்தின் பொருட்டே.

சூடான டயர் பொய் சொல்லும்

என் தவறு எங்கே இருந்தது? டயர் ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதனால் ரப்பரும் உள்ளேயிருக்கும் காற்றும் உஷ்ணமடைகின்றன. இறக்கத்தில் பிரேக் பிடிப்பதால் உண்டாகும் உஷ்ணமும் ரிம்மின் வழியே வந்து சேருகிறது. அடைபட்ட காற்று உஷ்ணமடைந்தால் அழுத்தம் உயரும். 32 ராத்தல் வைத்த கார் டயரில் ஏறக்குறைய 6 டிகிரி உஷ்ணம் ஏறினால் அழுத்தம் 1 ராத்தல் கூடும் என்று கணக்கிடலாம்.

காலையில் 28 டிகிரியில் 32 ராத்தல் வைத்த டயரின் காற்று, ஓட்டத்தில் 55 டிகிரிக்கு உயருமானால், ஒரு துளியும் கசியாத நிலையில் கேஜ் 36 காட்டவேண்டும். நான் பார்த்தபோது 32 காட்டியது நன்மைக்கு அடையாளமன்று. நான்கு ராத்தலுக்குரிய காற்று வெளியே போய்விட்டது என்பதற்கே அடையாளம். போன காற்றின் குறையை உஷ்ணம் மறைத்துவிட்டது. அன்றிரவு டயர் குளிர்ந்ததும் அழுத்தம் 28-க்கு இறங்கிவிட்டது. குறைந்த காற்றுடன் மறுநாள் ஓடிய டயர் முன்னினும் அதிகமாய் மடங்கி, முன்னினும் விரைவாய்க் காற்றை இழந்தது.

இதற்கு எதிரான தவறும் உண்டு. ஓடி வந்த சூட்டில் கேஜ் 36 காட்டுவதைக் கண்டு, அதிகமாயிற்று என்று சிலர் 32 வரை காற்றைத் திறந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் 28 தான் இருக்கும். பிறகு “டயர் கசிகிறது” என்று கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே கசிவு ஒன்றுமில்லை. காற்றை வெளியேற்றியது அவர்கள் கையே. சூடான டயரில் காற்றை ஒருபோதும் திறந்துவிடலாகாது.

ஆகையால் முதல் விதி இது: வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற பின்பே அழுத்தத்தை அளக்க வேண்டும். அதிகாலை உத்தமம். ஒரே கேஜை எப்போதும் உபயோகிக்க வேண்டும். இரண்டு கேஜ்கள் ஒத்துச் சொல்லுவது அரிது. எத்தனை ராத்தல் வேண்டுமென்பது ஓட்டுநர் கதவின் நிலைப்பக்கத்திலோ, வண்டியுடன் தரும் புத்தகத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். நிறை பாரத்துக்கு வேறு அளவு குறித்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த டயருக்குரிய உச்ச வரம்பே. வைக்க வேண்டிய அளவு அதுவன்று. குற்றமற்ற டயரும் ரப்பரின் ஊடே மாதத்துக்கு ஒன்றிரண்டு ராத்தல் இழப்பது இயல்பாகையால், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

டயர் காற்றை எவ்விதம் தாங்குகிறது

காற்றடைத்த டயருக்கு 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். 1888-இல் பெல்பாஸ்டு நகரில் மாட்டு வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டு வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நெடுங்காலம் டயருக்குள் தனியே ஒரு ரப்பர் டியூப் இருந்து காற்றைத் தாங்கிற்று. இப்போதைய கார்களில் பெரும்பாலும் டியூபில்லாத டயர்களே வருகின்றன. இவற்றில் டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி புதைத்த ஒரு வளையம் உண்டு; பட்டறைக்காரர் இதைப் ‘பீடிங்’ என்பர். உள்ளேயிருக்கும் காற்று இவ்வளையத்தை ரிம்மின் மேல் இறுக அழுத்துவதாலேயே காற்று வெளியேறாமல் நிற்கிறது. அதாவது, காற்றே தனக்குக் கதவும் தாழ்ப்பாளுமாகிறது. காற்றுக் குறைந்தால் தாழ்ப்பாள் தளரும். குறைந்த காற்றுடன் ஓடுவது மேன்மேலும் காற்றிழப்பதற்கு வழியாவது இதனாலேயே.

வண்டி வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. தரை டயரை ஒரு பக்கமாய் இழுக்க, ரிம் மறு பக்கமாய்த் தள்ளுகிறது. பீடிங் ரிம்மைவிட்டு மயிரிழை விலகினாலும் ஒரு கணத்தில் கொஞ்சம் காற்று வெளியேறிவிடும். வளைவு தீர்ந்ததும் மீண்டும் அடைத்துக்கொள்ளும். தொட்டி நீரில் முக்கும்போது பாரமும் இல்லை, பக்க இழுப்பும் இல்லை. குமிழ் எப்படி வரும்?

குற்றத்தைத் தேடும் முறை

தேடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். எளிதானதிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாய் விலக்கிக்கொண்டு போகவேண்டும்.

1. கணக்கு எழுதுதல். மழைமானிக் கணக்கைப் போல ஒரு குறிப்பேடு வைத்து, நான்கு சக்கரங்களின் அழுத்தத்தையும் தினந்தோறும் அதிகாலையில் எழுதுக. முந்தின நாள் வண்டி எங்கே சென்றது, என்ன பாரம், என்ன பாதை என்பதையும் எழுதுக. நான்கிலும் ஒரேயளவு குறைந்தால் பெரும்பாலும் குளிர் காரணமாயிருக்கும். ஒன்றில் மட்டும் குறைந்தால் கசிவு உண்டு. எவ்வகை ஓட்டத்துக்குப் பின் குறைகிறது என்பதிலிருந்து காரணத்தின் திசை தெரியவரும்.

2. வால்வு. எச்சிலோ சோப்பு நீரோ வால்வு வாயில் தடவிப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. அது போதாது. ரப்பர்த் தண்டை நான்கு திசையிலும் விரலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் சோப்பு நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்குச் சுமார் 15 சுற்று சுற்றுகிறது. அப்போது வால்வுத் தண்டை வெளிநோக்கி இழுக்கும் விசை அதன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்டதாகும். வெயிலில் வெடித்த ரப்பர் நிற்கும்போது மூடியிருந்து, இந்த இழுப்பில் திறந்துகொள்ளும். உள்ளேயுள்ள வால்வு ஊசியையும் அவ்விசை திறக்கும் பக்கமாகவே தள்ளுகிறது. ஆகையால் வில் தளர்ந்த ஊசியும் வேக ஓட்டத்தில் கசியக்கூடும். ரப்பர் வளையமுள்ள மூடி இரண்டாவது தாழ்ப்பாளாகும். அதைத் தொலைத்துவிட்டு ஓட்டலாகாது. புது டயர் போடும்போதெல்லாம் புது வால்வும் போடுவது நலம்.

3. தரையில் படும் பாகம். சிறு ஆணியோ கம்பியோ தைத்து, தானே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதுண்டு. அப்பாகம் தரையில் அழுந்தி மடங்கும்போது மட்டும் ஓட்டை திறக்கும். ஆகையால் வண்டியைப் பாரத்துடனே நிறுத்தி, டயர் முழுவதும் சோப்பு நீர் தடவி, ஓரடி ஓரடியாய் நகர்த்தி, தரைக்கு அருகே வரும் பாகத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். வண்டி நகரும்போது ஒருவர் ஓட்ட, மற்றவர் எட்ட நின்று பார்ப்பதே முறை. சக்கரத்துக்கருகில் கை வைக்கலாகாது. வெளியிலிருந்து ரப்பர்த் திரி திணித்து அடைத்த பழைய பஞ்சர்களும் சூட்டிலும் மடக்கத்திலும் தளர்ந்து கசிவதுண்டு. டயரைக் கழற்றி உட்புறத்திலும் ஒட்டுப் போடுவதே நிலையான பரிகாரம். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டையையும், பக்கச்சுவரிலோ தோளிலோ உள்ள ஓட்டையையும் ஒட்டி ஓட்டுவது தகாது.

4. பீடிங்கும் ரிம்மும். ரிம்மின் குறுக்கே டயரின் பக்கம் வரை சாக்குக் கட்டியால் ஒரு நேர்கோடு போடுக. ஓடிவந்தபின் ரிம்மின் கோடும் டயரின் கோடும் விலகி நின்றால், டயர் ரிம்மின் மேல் வழுக்குகிறது. டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை மற்றொரு கோடு போடுக. திரும்பியபின் பக்கச்சுவரின் மேலும் சாக்கு அழிந்திருந்தால், டயர் வளைவுகளில் அளவுக்கு மிஞ்சிச் சாய்கிறது. காற்றுக் குறைவு அல்லது பார மிகுதி என்று அறியலாம். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே புல்லோ மண்ணோ சிக்கியிருந்தால், அவ்விடத்தில் பீடிங் விலகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

5. ரிம்மின் உட்பக்கம். குழியில் விழுந்த அடி பெரும்பாலும் ரிம்மின் உள்விளிம்பிலேயே படுகிறது. வண்டியில் மாட்டியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். இரும்பு ரிம் நசுங்கும். அலாய் வீல் மயிரிழையாய் வெடிக்கும். அவ்வெடிப்பு பாரத்தில் மட்டும் திறப்பதுண்டு. வெடித்த அலாய் வீலைப் பற்றவைத்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

மேற்படி உதாரணத்தில் கண்ட காரணம்

நிலக்காரரும் நானும் இம்முறையிலேயே தேடினோம். ஐயத்துக்குரிய சக்கரத்தை மீண்டும் மலைக்குக் கொண்டுபோவது அறிவீனம் ஆகையால், ஊருக்கு வெளியேயுள்ள காலி மைதானத்தில் ஆளில்லாத வேளையில் பரீட்சித்தோம். நேர்ச்சாலையில் ஒரு வாரம் ஓட்டியதில் 32 ராத்தல் குறையவே இல்லை. மைதானத்தில் மெல்லிய வேகத்தில் எட்டு வடிவமாய்ச் சுற்றிய மறுநாட்காலை 29 ஆக இருந்தது. சக்கரத்தை வலப்பக்கம் மாற்றிப் போட்டோம். குறைவும் வலப்பக்கத்துக்கே சென்றது. ஆகவே குற்றம் வண்டியில் இல்லை, அந்தச் சக்கரத்திலேயே என்று தீர்ந்தது. வால்வை வளைத்துப் பார்த்ததில் குமிழ் இல்லை. பிறகு டயரைப் பிரித்தோம். இரும்பு ரிம்மின் உள்விளிம்பு ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. அதை ஒட்டிப் பீடிங் அமரும் இடத்தில் துரு செதில் செதிலாய்ப் படர்ந்து, சாலைத் தூசி மெல்லிய கோடாய் உள்ளே புகுந்திருந்தது. எப்போதோ ஒரு குழியில் விழுந்ததன் பயன் அது.

டயரின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தோம். காற்றின்றி நெடுந்தூரம் ஓடிய டயரில் பக்கச்சுவர் அரைபட்டுக் கறுப்பு ரப்பர்த் தூள் உதிர்ந்திருக்கும். அத்தகைய டயரின் நூல்கள் உள்ளே அறுந்திருக்கும். வெளியே புதிதாய்த் தோன்றினும் அதில் மீண்டும் காற்றடைத்து ஓட்டலாகாது. இவர் பத்தடிக்குள் நிறுத்தியதால் தூள் ஒன்றுமில்லை. ஆகவே புது ரிம்மும் புது வால்வும் போட்டதோடு செலவு முடிந்தது. டயரை மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும். குற்றமும் ரிம்மிலேயே தங்கியிருக்கும்.

டியூப் உள்ள சக்கரங்கள்

டிராக்டர், டிரெய்லர், பழைய ஜீப் ஆகியவற்றில் டியூப் உள்ள டயர்கள் இன்னும் வழங்குகின்றன. இவற்றில் கடும் உழைப்பில் நேரும் கேடு ஒருவகையில் வேறானது. காற்றுக் குறைந்த டயருடன் கெட்டி நிலத்தில் ஆழ உழுதாலோ, கரும்புப் பாரம் இழுத்தாலோ, டயர் ரிம்மின் மேல் வழுக்கும்; அதனுடன் டியூபும் இழுபடும். வால்வோ ரிம்மின் துளையில் சிக்கியிருப்பதால், அதன் அடியில் டியூப் கிழியும். வால்வுத் தண்டு நேராய் நில்லாமல் சாய்ந்திருப்பதே முன்னறிவிப்பு. அதைக் கண்ட உடனே டயரைத் தளர்த்தி டியூபை நேராக்கி, உரிய காற்றை அடைக்க வேண்டும்.

வழியில் காற்றிறங்கினால்

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலும், வளைவில் வண்டி மிதப்பது போல் தோன்றினாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் காற்றிறங்குவதாகவே கொள்க. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாய்க் குறைத்து, பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் பின்வருவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். சரிவில் ஜாக்கி வைக்குமுன் கைப்பிரேக் போட்டு, கழற்றாத சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். ஏறினவர் அனைவரையும் முதலில் இறக்கிவிட வேண்டும். ஸ்டெப்னிச் சக்கரத்தில் காற்றிருக்கிறதா என்பதை அவ்விடத்தில் அறிவது பயனற்றது. மாதமொருமுறை வீட்டிலேயே பார்த்துவைப்பது கடமை.

நினைவில் வைக்க வேண்டியவை

(1) குளிர்ந்த டயரையே அளக்க வேண்டும். சூடான டயர் காலை அளவையே காட்டினால் அது கசிவின் அடையாளம்.

(2) சூட்டில் காற்றைத் திறந்துவிடலாகாது.

(3) தொட்டியில் குமிழ் வராததால் குற்றமில்லை என்று தீர்மானிக்கலாகாது.

(4) கணக்கு, வால்வு, தரைபடும் பாகம், பீடிங், ரிம்மின் உட்பக்கம் என்ற வரிசையில் தேடுக.

(5) காரணம் தெரியாமல் காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு மலையேறலாகாது.

காரவள்ளி நிலக்காரர் இப்போது அதிகாலையில் சேவல் கூவியதும் கேஜும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். அவருக்கு அதில் செலவாவது ஐந்து நிமிஷமே. அவர் அனுபவத்தையும் என் பிழையையும் இங்கு ஒளியாமல் எழுதியதன் நோக்கம், இதைப் படிக்கும் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அந்த ஐந்து நிமிஷத்தைத் தங்கள் வழக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதேயாகும்.